வயிற்றுப் பரோட்டா

பதினேழாம் நம்பர் டோக்கனைக் கூப்பிடுவதற்குச் சரியாக நாலு நிமிஷம் முன்னால் பவிஷா ஒன்றுக்குப் போய்விட்டாள். போய்விட்டாள் என்று ஐந்து வயதுப் பிள்ளையின் மேல் பழியைத் தூக்கிப் போடுவது நியாயமில்லை. கூட்டிக்கொண்டு போனது அவள் அப்பன் இசக்கிப்பாண்டி, அதுவும் ஓட்டமும் நடையுமாக, வழியில் கிடந்த நாற்காலிக் கால்களிலெல்லாம் இடித்துக்கொண்டு. காலை எட்டு மணியிலிருந்து அந்தப் பிள்ளையைக் கெஞ்சியும் கொஞ்சியும் தண்ணீர் குடிக்க வைத்திருந்தார்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் ஸ்கேனில் அடிவயிறு தெளிவாகத் தெரியும், அடக்கி வைத்திருக்கச் சொல்லுங்கள் என்று சீட்டிலேயே எழுதித் தந்திருந்தார்கள். இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா, நன்றாகத் தெரியும். ஆனால் செல்வக்கனி நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வாங்கிவரக் கீழே போயிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், பிள்ளை அவன் காதோடு வந்து, "எப்பா, ஒண்ணுக்கு வருது" என்று சொன்னதும் அவனுக்கு உலகத்தில் வேறொன்றும் நினைவில்லை, நெஞ்சு நிறைந்து போயிற்று, லாட்டரி விழுந்தவன்போலத் தூக்கிக்கொண்டு ஓடினான், உட்கார வைத்தான், சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினான், கேட்டதும் "அப்படித்தான், அப்படித்தான் எந்தாயி, இன்னும் கொஞ்சம் போ" என்று ஊக்கம் கொடுத்தான், முடிந்ததும் கையைத் தட்டினான். கையைத் தட்டினானே, அதை நினைக்கும்போதுதான் இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. வெளியே வந்து, எக்ஸ்ரே உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். தாழியைக் கையில் எடுத்துத் தரையில் போட்டவன் அவனேதான்.

செல்வக்கனி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்ன செஞ்சிட்டு வந்து நிக்கிய?" என்று மட்டும் கேட்டாள். ஸ்கேன் அறை வாசலில் டோக்கன் கூப்பிடுகிற சிஸ்டர் மதுரைக்காரப் பெண், விஷயம் தெரிந்ததும் அவனை மேலும் கீழும் பார்த்து, "என்னண்ணே, நீங்களே கூட்டிட்டுப் போனீகளாக்கும்?" என்றாள், பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, மறுபடி தண்ணீர் கொடுங்கள், ஒரு மணி நேரமாவது ஆகும், பாப்பாவுக்கு முட்டிக்கொண்டு வரும்போது வந்து சொல்லுங்கள், இடையில் விட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பதினெட்டைக் கூப்பிட்டாள். பதினெட்டு ஒரு கைக்குழந்தை, அதற்கு அடக்குகிற பிரச்சினையெல்லாம் இல்லை, ராஜா மாதிரி உள்ளே போயிற்று. ஆக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இசக்கிப்பாண்டி தாங்கமாட்டான் என்று செல்வக்கனிக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த ஸ்கேனுக்கு வருகிறபோதெல்லாம் அவன் பேருந்து நிலையத்தில் இறங்கியதிலிருந்து பேச்சை நிறுத்திவிடுவான், பிள்ளையை அவள் உள்ளே கூட்டிக்கொண்டு போவாள், அவன் வெளியே கதவையே பார்த்துக்கொண்டு நிற்பான், கதவைத் திறந்து அவள் தலையை ஆட்டிய பிறகுதான் மூச்சு விடுவான். இன்றைக்கும் சுத்தமாக இருக்கிறது என்று வந்துவிட்டால் இனிமேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். சுத்தமாக இல்லையென்றால்? அந்த இடத்துக்கு வந்ததும் அவன் நினைப்பு கல்லில் ஒட்டிய மாவு மாதிரி நின்றுவிடும், இந்தப் பக்கமும் வராது அந்தப் பக்கமும் போகாது.

ஆனாலும் அந்தச் சத்தம் இருக்கிறதே, பிள்ளை ஒன்றுக்குப் போகிற சத்தம், அதைக் கேட்டு ஒருத்தன் சந்தோஷப்படாமல் எப்படி இருக்க முடியும் என்று அவன் மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில், இடது கிட்னியைக் கட்டியோடு சேர்த்து எடுத்துவிட்ட மறுநாள், டாக்டர்களும் சிஸ்டர்களும் அவர்கள் இரண்டு பேரும் ஆக மொத்தம் அத்தனை பேரும் காத்துக்கொண்டிருந்தது அந்த ஒரே விஷயத்துக்குத்தானே. மிச்சமிருக்கிற ஒற்றைக் கிட்னி வேலை செய்கிறதா என்று மூத்திரம்தான் சொல்ல வேண்டும். மூத்திரக் குழாயை எடுத்த பிறகு கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அதில் பிடித்து, கண்ணுக்கு நேரே தூக்கி வைத்துப் பார்த்து, எத்தனை மில்லி என்று கட்டில் தலைமாட்டில் தொங்கிய தாளில் எழுத வேண்டும். முதல் தடவை முப்பது. முப்பது மில்லி, ஒரு டம்ளரின் அடியைக்கூட மறைக்காது, அதைப் பார்த்து அவனும் செல்வக்கனியும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு அழுதார்கள், பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்கள். அடுத்தது அறுபது. அதற்கடுத்தது தொண்ணூறு. தொண்ணூறு என்று அவன் தாழ்வாரத்தில் நின்று சத்தம் போட்டதில், எதிர்ப்பட்ட பெரிய டாக்டரே நின்று "வெரிகுட்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஆறு மாதம் ஊசி மருந்து ஏறிய காலத்திலும் அதே கதைதான், தண்ணீர் குடி, ஒன்றுக்குப் போ, தண்ணீர் குடி, ஒன்றுக்குப் போ. மனுஷனுக்குச் சாமி, பூதம், தேர்தல் என்று எத்தனையோ இருக்கிறது நினைக்க. பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அவன் அந்த எட்டு மாதமும் மில்லியிலேயே வாழ்ந்தான். அப்படிப் பழகியவன் காதில் போய் ஒண்ணுக்கு வருது என்று சொன்னால் அவன் ஓடாமல் என்ன செய்வான். இதைச் செல்வக்கனியிடம் எடுத்துச் சொல்லலாமா என்று திரும்பிப் பார்த்தான். அவள் பிள்ளைக்குத் தண்ணீர்ப் புட்டியைத் திறந்துகொண்டிருந்தாள், வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

பவிஷாவுக்குத் தண்ணீர் சலித்துவிட்டது. ஒரு மடக்குக்கு ஒரு விளையாட்டு என்று பேரம் பேசினாள். முதல் மடக்குக்கு மூன்று தடவை ஒற்றைக் காலில் குதிக்க வேண்டும் என்றாள், செல்வக்கனி குதித்தாள், நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில். இரண்டாவது மடக்குக்குப் பூனை மாதிரி கத்த வேண்டும், இசக்கிப்பாண்டி கத்தினான், எதிர் வரிசையில் மொட்டைத் தலையோடு ஊசி மருந்துக்காகக் காத்திருந்த ஒரு பையன் முகமூடிக்குள்ளேயே சிரித்தான். பவிஷாவுக்கும் அப்படித்தான் மொட்டையாக இருந்தது. போன வருஷம்தான் முளைத்தது, முன்னால் கோரையாக இருந்த முடி இப்போது சுருட்டை சுருட்டையாக வந்திருக்கிறது, இது யார் வீட்டு முடி என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள், ஆஸ்பத்திரி முடி என்று செல்வக்கனி பதில் சொல்வாள். மூன்றாவது மடக்குக்குப் பிள்ளை அவன் மடியில் ஏறி, சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றி, அவன் தொந்தியில் இரண்டு கையையும் வைத்துப் பிசைய ஆரம்பித்தாள். மாவு பிசைகிறாளாம். பாவூர்சத்திரத்தில் இசக்கி மாஸ்டர் என்றால் தெரியாதவர்கள் குறைவு, அவன் வீசுகிற பரோட்டாவுக்காக அடுத்த ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். அப்படிப்பட்டவனின் தொந்தியை நடுச்சபையில் பிசைந்து, எச்சிலைத் தொட்டு எண்ணெய் என்று தடவி, தட்டி, இழுத்து, கடைசியில் இரண்டு பக்கமும் கையை வைத்து அடுக்கிய பரோட்டாவை அடித்து உதிர்ப்பதுபோல டப் டப்பென்று அடித்தாள். பிறகு தன் கவுனைத் தூக்கிக்கொண்டு, "இப்ப எனக்கு நீ போடு" என்றாள். இசக்கிப்பாண்டி கவுனை இறக்கிவிட்டான். டாக்டர் திட்டுவாவ என்றான். எப்போதும் சொல்கிற பதில்தான். "நான் பாப்பாவா இருக்கும்போது போடுவியாம்லா, அம்மா சொன்னா" என்று பிள்ளை அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

போடுவான்தான். பரோட்டாக் கடை மத்தியானத்துக்கு மேல்தான் சூடுபிடிக்கும் என்பதால் காலை நேரம் முழுக்க அவனும் பிள்ளையும்தான், குளிப்பாட்டித் துண்டில் போட்டதும் வயிற்றுப் பரோட்டா போட்டாக வேண்டும், இல்லையென்றால் கவுன் போட விடமாட்டாள். முதலில் பிசைவது, பிறகு தேங்காயெண்ணெய் தடவுவது, உள்ளங்கையால் தட்டி அகலமாக்குவது, வீசுவது என்றால் பிள்ளையையே தூக்கி ஒரு ஆட்டு ஆட்டுவது, கடைசியில் இரண்டு விலாவிலும் கையை வைத்து அடித்து உதிர்ப்பது. அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் சிரிப்பு, மூச்சு வாங்குகிற சிரிப்பு, தெருவில் போகிறவர்கள் நின்று கேட்கிற சிரிப்பு. அவள் வயிறு நல்ல வயிறு, ஊறிய மாவு மாதிரி மெத்தென்று இருக்கும். பெருமையாகச் சொல்வான், என் மகள் தொந்தி என் கடை மாவு மாதிரி என்று. ஒரு நாள், தை மாதம், பொங்கல் கழிந்த மறு வாரம், இடது விலாவுக்குக் கீழே கை போனபோது ஊறாத மாவு தட்டுப்பட்டது. மாவில் தண்ணீர் சேராத இடம் ஒன்று உருண்டையாக உள்ளே நிற்கும், மேலே பார்த்தால் தெரியாது, பிசைகிறவன் கைக்கு மட்டும்தான் தெரியும். கை நின்றுவிட்டது. பிள்ளை அடுத்த அடிக்காகக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காத்திருந்தாள். அவன் அடிக்கவில்லை.

அங்கேயே நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. இந்த நினைப்பு இந்த இடத்துக்கு வந்தால் அவனை விடாது, இரண்டு வருஷமாக விட்டதில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனானா, இல்லை. பூச்சியாக இருக்கும் என்று மருந்துக்கடைக்காரர் ஒரு புட்டி கொடுத்தார். அதைக் கொடுத்துவிட்டுக் கரைந்ததா கரைந்ததா என்று தினமும் காலையில் அமுக்கிப் பார்த்தான். பக்கத்து வீட்டக்கா அமுக்கிப் பார்த்துவிட்டு மலம் இறுகியிருக்கிறது என்றாள். கடை முதலாளி அமுக்கிப் பார்த்துவிட்டு ஈரல் வீக்கம் என்றார். எட்டு நாள், ஊரே அமுக்கிப் பார்த்தது, அவன்தான் எல்லோர் கையையும் பிடித்து இங்கே பாருங்கள் இங்கே பாருங்கள் என்று காட்டினான். ஒன்பதாம் நாள் இந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வயிற்றில் கையை வைத்தார். வைத்த வேகத்திலேயே எடுத்துவிட்டார். அடுத்த அரைமணி நேரத்தில் கட்டிலுக்கு மேலே சிவப்பு எழுத்தில் அட்டை தொங்கியது, வயிற்றை அழுத்தக் கூடாது என்று. ஏன் என்று சிஸ்டரிடம் கேட்டதற்கு, கட்டி உறைக்குள் இருக்கிறது, அழுத்தினால் உடைந்து பரவிவிடும் என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது. சொல்லிவிட்டுப் போனவளுக்கு எப்படித் தெரியும், கேட்டவன் கை பரோட்டா மாவை அடிக்கிற கை என்று, அந்தக் கை எட்டு நாள் அங்கே என்ன செய்தது என்று. அன்றிலிருந்து அந்த அட்டைக்கு அவன்தான் காவல். படிக்கிற டாக்டர் பிள்ளைகள் கூட்டமாக வந்து தொட்டுப் பார்க்கக் கேட்டால் குறுக்கே கையை நீட்டுவான், பார்க்க வந்த சொந்தக்காரர்களைக் கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி நிறுத்துவான், ஐயனார் கோவில் வாசலில் நிற்கிற சிலைக்குக்கூட அவ்வளவு விறைப்பு கிடையாது. தன் கையை மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பான். நான் அமுக்கியதால்தான் பெரிதாகியிருக்குமோ, நான் அமுக்கியதால் எங்கேயாவது சிதறியிருக்குமோ, இன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த ஸ்கேனில் எங்கேயாவது முளைத்து நிற்குமோ. யாரிடமும் கேட்டதில்லை, செல்வக்கனியிடம்கூட. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அந்த நாட்களில் நல்ல செய்தி என்றால் எப்படியிருக்கும் என்பதையே அவர்கள் புதிதாகத்தான் கற்றுக்கொண்டார்கள். வயிற்றில் கட்டி என்று தெரிந்தபின், அது கிட்னிக்குள்ளிருந்து முளைத்ததா, வெளியிலிருந்து வந்து கிட்னியைத் தள்ளுகிறதா என்பதுதான் கேள்வி என்றார் பெரிய டாக்டர். இரண்டும் வேறு வேறு நோய், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதற்காக மூத்திரத்தைச் சோதித்தார்கள், படம் மேல் படமாக எடுத்தார்கள். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டு, படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கட்டியைச் சுற்றிக் கிட்னியின் சதை நண்டுக் கொடுக்கு மாதிரி கவ்விப் பிடித்திருந்தது. பூரணத்தைச் சுற்றிக் கொழுக்கட்டை மாவு இருக்கிற மாதிரி என்று இசக்கிப்பாண்டி நினைத்துக்கொண்டான், அதை வாய்விட்டும் சொல்லிவிட்டான். டாக்டர் ஆச்சரியமாகப் பார்த்து, அதேதான், கிட்னிக்குள்ளேயே முளைத்தது, குழந்தைகளுக்கு வருகிற கட்டிகளிலேயே சொன்ன பேச்சைக் கேட்கிற கட்டி, மருந்துக்குச் சுருங்கும், பிறகு எடுத்துவிடலாம் என்றார். யாரோ வெளிநாட்டு டாக்டர் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்களாம். பிள்ளைக்குப் புற்றுக்கட்டி என்று உறுதியான அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சந்தோஷமாகக் காப்பி குடித்தார்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள். குடித்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற கட்டி, சொன்ன பேச்சைக் கேட்கிற கட்டி என்று செல்வக்கனி ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள், அது அவளுக்கும் கடவுளுக்கும் நடுவில் ஏதோ ஒப்பந்தம்போல. கட்டியும் கேட்டது. நாலு வாரத்தில் பாதியாகச் சுருங்கியது. அதுவரை நல்ல பிள்ளையாக இருந்த கட்டி அதற்குப் பிறகும் இருந்திருக்குமா, அவன் கை செய்த வேலையை மன்னித்திருக்குமா, மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது பார் நினைப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இசக்கிப்பாண்டிக்கு ஸ்கேன் திரையே இருட்டு, அதில் தெரிவதெல்லாம் அவனுக்குக் கட்டிதான்.

"எப்பா." அவன் திடுக்கிட்டான். பவிஷா இரண்டு காலையும் பின்னிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "முட்டுது." இசக்கிப்பாண்டியின் கை தானாக அவளைத் தூக்கப் போயிற்று, கால் தானாகக் கழிப்பறைப் பக்கம் திரும்பிற்று. செல்வக்கனி அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு என்ன தோன்றியதோ அவளுக்கு, பிள்ளையைத் தான் வாங்கிக்கொள்ளாமல், எக்ஸ்ரே உறையை அவன் கக்கத்திலிருந்த ஃபைலோடு செருகி, அவனையே ஸ்கேன் அறைப் பக்கம் தள்ளிவிட்டாள். "இன்னைக்கு நீங்களே உள்ள போங்க. அம்புட்டையும் கெடுத்தது நீங்கதானே" என்றாள், கோபம் பாதி, வேறென்னவோ பாதி. ஒரு ஆள்தான் உள்ளே வரலாம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டாள். மறுத்துப் பேச நேரமில்லை, பிள்ளை நெளிகிறாள். முதல் நாளுக்குப் பிறகு இரண்டு வருஷமாக அவன் மிதிக்காத அந்தக் குளிர்ந்த அறைக்குள் கால் வைத்தான்.

அதே அறைதான், அதே டாக்டர்தான். மெஹருன்னிசா டாக்டர். முதல் நாள் இவர்தான் பிள்ளையிடம் கிளி வளர்க்கிறாயா நாய் வளர்க்கிறாயா என்று கேட்டுக்கொண்டே ஸ்கேன் செய்தார், இடது பக்கம் கருவி போனதும் பேச்சு நின்றது. அந்த மௌனம்தான் அவனுக்கு இன்றைக்கும் கனவில் வருகிறது. இன்றைக்குப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் தாயே, எதையாவது பேசிக்கொண்டே இருங்கள் என்று அவன் சுவரோடு ஒட்டி நின்று வேண்டினான். டாக்டர் பவிஷாவின் வயிற்றில் வழவழவென்று பசையைப் பிதுக்கினார், எந்த வகுப்பு, டீச்சர் பெயர் என்ன, யாரோடு சண்டை என்று கேட்டார், பவிஷா அடக்கிக்கொண்டிருந்த அவசரத்திலும் ஒவ்வொன்றுக்கும் நீட்டி முழக்கிப் பதில் சொன்னாள். கருவி ஈரலுக்குப் போயிற்று, நடுவயிற்றுக்கு வந்தது, இடது பக்கம் போயிற்று. பேச்சு நிற்கவில்லை. இசக்கிப்பாண்டி மூச்சைக் கொஞ்சம் விட்டான். வலது பக்கம் வந்தது. பேச்சு நின்றது. டாக்டர் திரையில் ஒரு கோடு இழுத்தார், அழித்தார், மறுபடி இழுத்தார். "பெரிசா இருக்கே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவ்வளவுதான், இருக்கிற ஒன்றிலும் வந்துவிட்டது, என் கைதான், என் கைதான் என்று இசக்கிப்பாண்டிக்குக் காதுக்குள் இரைந்தது. டாக்டர் திரும்பி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கையை அமர்த்தினார்.

"கிட்னிங்க. கிட்னிதான் பெரிசா இருக்கு, அது நல்லதுங்க. இவ வயசுக்கு இருக்க வேண்டியதைவிட நல்லாவே வளர்ந்திருக்கு. ரெண்டு ஆள் வேலையை ஒரு ஆள் பார்த்தா தோள் திரண்டு வருமா இல்லையா?"

வரும். இசக்கிப்பாண்டி தன் வலது கையைப் பார்த்தான். இருபது வருஷம் மாவை வீசி வீசி இடது கையைவிட ஒரு சுற்று பெருத்துப் போன கை, தையற்காரர் அவனுக்குச் சட்டை தைக்கும்போது வலது கைக்கென்று தனியாக அளவெடுப்பார். பிள்ளைக்குள்ளேயும் ஒரு மாஸ்டர் நின்று ஒற்றை ஆளாக அடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. இடது பக்கம் காலி மனை மாதிரி சுத்தமாக இருக்கிறது, குடல்தான் வந்து கொஞ்சம் ஆக்கிரமித்திருக்கிறது, நுரையீரல் படத்திலும் ஒன்றுமில்லை, மூத்திரப்பையும் நன்றாக நிறைந்து தெளிவாகத் தெரிகிறது, இனிமேல் ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் காதில் விழுந்தது, ஆனால் அவன் இரண்டு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்து விழுந்தது, அழைக்காமலே. "நான் அமுக்கிட்டேன் டாக்டர்" என்றான். எட்டு நாள் அமுக்கினேன், ஊரையே அமுக்கவிட்டேன், பரவிவிடும் என்று சிஸ்டர் சொன்னாவ, அதனால் ஏதாவது, என்று ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் நின்றான்.

மெஹருன்னிசா டாக்டர் கருவியை வைத்துவிட்டு அவன் பக்கம் முழுதாகத் திரும்பினார். அவன் கையிலிருந்த ஃபைலை வாங்கி, பின்னாலிருந்து ஒரு தாளைப் புரட்டி, இங்கிலீஷில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். ஆபரேஷனில் எடுத்த கட்டியைச் சோதித்தவர்கள் எழுதியது அது. இரண்டு வருஷமாக அவன்தான் அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறான், அந்த வரி அவன் கக்கத்திலேயேதான் இருந்திருக்கிறது. "உறை எங்கேயும் கிழியலை, கட்டி முழுசா வந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. நீங்க அமுக்கி ஒண்ணும் ஆகலை. நீங்க அமுக்கிப் பார்க்கலைன்னா இன்னும் மூணு மாசம் கழிச்சுத்தான் வந்திருப்பீங்க. அப்ப நான் இப்படிச் சிரிச்சுக்கிட்டுப் பேசியிருக்க மாட்டேன்." பிறகு, அதெல்லாம் சரி, இப்போது ஏன் பிள்ளையைத் தொடாமல் சுவரோடு நிற்கிறீர்கள் என்று கேட்டார். அழுத்தக் கூடாது என்று அட்டை போட்டிருந்தீர்களே என்றான் அவன். டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "அது ஆபரேஷன் வரைக்கும்தாங்க. இன்னுமா வயித்தைத் தொடாம இருக்கீங்க?"

இன்னும்தான். அட்டையை ஆபரேஷன் அன்றைக்கே கழற்றிவிட்டார்கள், அதை அவன் பார்க்கவும் பார்த்தான். ஆனால் அழுத்தலாம் என்று யாரும் அட்டை எழுதி மாட்டவில்லையே. அவன் இரண்டு கையையும் வெறுமனே முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான், புதிதாகக் கடையில் சேர்ந்தவன் முதல் உருண்டையைப் பார்த்து நிற்பதுபோல. கட்டிலில் பவிஷா தலையைத் தூக்கித் தன் வயிற்றைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அது பளபளவென்று மின்னியது.

"எப்பா, எண்ணெய் தடவியாச்சுல்லா" என்றாள். "பரோட்டா போடு."

இசக்கிப்பாண்டி டாக்டரைப் பார்த்தான். டாக்டர் தலையசைத்தார். முதலில் விரல்நுனிதான் போயிற்று, சுடுகல்லைத் தொட்டுப் பார்ப்பதுபோல, பிறகு உள்ளங்கை. மெத்தென்று இருந்தது. நடுவில் நீளமாகத் தழும்பு ஓடியது, அதுவும் மெத்தென்றுதான் இருந்தது. மெல்லப் பிசைந்தான். இடது விலாவுக்குக் கீழே கை தானாகப் போய் ஒரு நிமிஷம் நின்றது, தேடியது, எங்கே தேடியும் ஒரு கட்டியும் இல்லை, ஊறிய மாவு, நன்றாக ஊறிய மாவு. தட்டினான், அகலமாக்கினான். "இது சரியில்ல, அடிச்சு உதிர்க்கணும், அம்மா சொன்னா" என்று பிள்ளை உத்தரவு போட்டாள், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காத்திருந்தாள். அவன் இரண்டு விலாவிலும் கையை வைத்து அடித்தான். டப், டப், டப். பவிஷா சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள், கட்டில் ஆட ஆடச் சிரித்தாள், அந்தச் சத்தத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்த செல்வக்கனி யார் தடுத்தும் கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றாள், இன்னும் ஒரு தடவை டப் டப்பென்று அடித்தான், அவ்வளவுதான், ஒரு மணி நேரமாக மடக்கு மடக்காகப் பேரம் பேசி நிரப்பியதெல்லாம் ஒரே மூச்சில் கட்டிலில், விரிப்பில், அவன் சட்டையில், வேட்டியில் வெதுவெதுப்பாகப் பாய்ந்தது. சிஸ்டர் துணியை எடுக்க ஓடினாள். செல்வக்கனி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. இசக்கிப்பாண்டி நனைந்த சட்டையோடு அசையாமல் நின்று, கட்டிலில் தேங்கியதையும் வேட்டியில் ஊறியதையும் கண்ணாலேயே கூட்டிப் பார்த்தான்.

"இருநூறு இருக்கும், எழுதிக்கிடுங்க டாக்டர்" என்றான்.